சாட்சிக் காசு

வலது கை ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல், ஆக மூன்று உருப்படி நாற்பத்தைந்தாயிரம் ரூபாய் என்று துண்டுக்கு அடியில் விலை முடிந்தது.

முடித்தவர் தணிகாசலம். விரல்கள் அவருடையவை அல்ல, மகன் புருஷோத்தமனுடையவை. இருபத்திரண்டு வயதுப் பையன். ஒரகடம் ரோட்டில் காருக்குத் தகடு அடித்துக் கொடுக்கும் கம்பெனியில் பவர் பிரஸ் ஓட்டினான். கம்பெனிக்கு நீளமாக ஓர் இங்கிலீஷ் பேர் இருந்தது. ஊர்க்காரர்கள் நாக்குக்கு வேலை வைக்காமல், வாசல் கதவின் நிறத்தைப் பார்த்து ‘மஞ்ச கேட்டு’ என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். ஐப்பசி அடைமழையில் ஒரு நாள் பிரஸ் இறங்கியபோது தகட்டோடு சேர்ந்து மூன்று விரலும் போயின.

தணிகாசலத்துக்கு மாட்டுத் தரகு. வல்லக்கோட்டையைச் சுற்றியுள்ள ஊர்களில் அவர் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் ஒரு மாடு கைமாறாது. நிலங்கள் கம்பெனிகளுக்குப் போனபோது உழவு மாட்டு வியாபாரம் படுத்தது. ஆனால் வந்து குவிந்த வெளியூர்ப் பையன்கள் டீ குடித்தாக வேண்டும், டீக்குப் பால் வேண்டும். அவர் கறவை மாட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார். எங்கே விலை ஏறுகிறதோ அங்கே துண்டை விரிப்பவர். போனதைப் பற்றிப் புலம்பி அவரை யாரும் பார்த்ததில்லை.

மஞ்ச கேட்டுக்கு எதிரே பாண்டுரங்கன் டீக்கடையில்தான் பேச்சு நடந்தது. கம்பெனிக்கு ஆள் அனுப்பும் கான்ட்ராக்டர் பெருமாள்சாமி, கோவில்பட்டிப் பக்கத்து ஆள், வெள்ளைச் சட்டையில் சேறு படாமல் பெஞ்சு நுனியில் உட்கார்ந்திருந்தார்.

“தணிகாசலண்ணே, எழுத்துல பாத்தா கம்பெனிக்கும் பையனுக்கும் சம்பந்தமே கெடையாது. அவன் என் ஆளு. ஏதோ மனசு கேக்காம மேனேஜர்ட்ட பேசி ஒரு இருபது வாங்கித் தாரேன்.”

“இருபது வெச்சுகினு ஒரு ஜோடி நல்ல மாடு ஓட்ட முடியாது சாமி. கையக் குடு.”

“கையா? எதுக்கு?”

“வாயால பேசினா கடைல குந்திகினு கீறவன்லாம் வெலை சொல்லுவான். இதுக்குள்ள பேசு.” தோளில் கிடந்த துண்டை எடுத்து இருவர் கைகளின் மேலும் போட்டார். “ஒரு வெரலுக்குப் பத்து.”

பெருமாள்சாமிக்குச் சிரிப்பாக இருந்தது. இரண்டு விரலைப் பிடித்தார். தணிகாசலம் உதறினார். பெருமாள்சாமி மூன்றைப் பிடித்தார். பிடித்தது ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல். வேண்டுமென்று செய்ததல்ல, மூன்று என்றால் யார் கையும் அங்கேதான் போகும். தணிகாசலத்தின் கை துண்டுக்கு அடியில் அசையாமல் கிடந்தது. சந்தையில் கை அசையவில்லை என்றால் விலை கட்டவில்லை என்று பொருள். டீக்கடையிலும் அப்படித்தான் எடுத்துக்கொள்ளப்பட்டது. பெருமாள்சாமி நான்காவது விரலையும் சேர்த்துப் பிடித்தார். ஒரு தகப்பனின் திகைப்புக்குப் பத்தாயிரம் கிடைத்தது. மேலே ஐந்தை ஏற்றியது மட்டும்தான் சாமர்த்தியம்.

பெருமாள்சாமி ஐநூற்றொரு ரூபாய் அச்சாரம் எண்ணிக் கொடுத்தார். வருகிற திங்கட்கிழமை ஸ்டாம்ப் பேப்பரில், இனிமேல் கம்பெனியிடம் எதுவும் கேட்க மாட்டோம் என்று கையெழுத்துப் போட்டால் பாக்கி. அந்த நோட்டுகளை மடியில் வைப்பதற்கு முன்னால் தணிகாசலம் தம் சட்டைப் பையிலிருந்து பத்து ரூபாயை எடுத்து டீ ஆற்றிக்கொண்டிருந்த பாண்டுரங்கனிடம் நீட்டினார்.

“இன்னாத்துக்கு நைனா?”

“சாட்சிக் காசு. பேசினப்போ நீ நின்ன இல்ல?”

சந்தை வழக்கம் அது. விலை முடிந்ததும் சாட்சி நின்றவன் கையில் முதலில் காசு வைக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் தரகன் தன் தரகைத் தொடலாம். முப்பது வருஷத் தொழிலில் தணிகாசலம் ஒரு முறைகூட அதைத் தவறவிட்டதில்லை.

வீட்டில் பாப்பம்மாள் ஈரமான சவுக்கு மிளாரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அடுப்பில் கருவாட்டுக் குழம்பு. மழைக்குப் பால் கறவை குறைந்திருந்தது, ஹாஸ்டல் மெஸ்காரன் காலையிலேயே வந்து தண்ணீர் கலந்தாயா என்று கேட்டுவிட்டுப் போயிருந்தான். இவள், “மழ கலந்துச்சு, நான் கலக்கல” என்று அனுப்பியிருந்தாள்.

“நாப்பத்தஞ்சு” என்றார் தணிகாசலம், செருப்பைக் கழற்றிக்கொண்டே.

“இன்னா நாப்பத்தஞ்சு?”

“உன் புள்ள கைக்கு. இருபதுல ஆரம்பிச்சான். இஸ்துகினு வந்து நாப்பத்தஞ்சுல வுட்டேன்.”

பாப்பம்மாள் ஊதாங்குழலைக் கீழே வைத்தாள். “இந்தாய்யா, மாடு விக்கறதுன்னாகூட, கறக்கறவ நீதான், இன்னா சொல்றன்னு என்னை ஒரு வார்த்த கேப்ப. புள்ள கைய வித்துட்டு வந்து வெலைய மட்டும் சொல்றியே.”

“விக்கலமே. போனதுக்கு ஈடு வாங்கிகினு வரேன்.”

“போனதுக்கு ஈடு சொல்ல நீ யாரு, கடவுளா?”

கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு புருஷோத்தமன் இடது கையால் களியைப் பிட்டுக்கொண்டிருந்தான். குழம்பில் தோய்க்கும்போது களி நழுவி விழுந்தது. எடுத்து மறுபடி தோய்த்தான்.

“யப்பா, துட்டை வுடு. வேலைக்கு எப்போ வரச் சொன்னான்?”

தணிகாசலம் சொம்புத் தண்ணீரை முழுதும் குடித்து முடித்தார். “வேலை இதுல சேத்தியில்லடா.”

“அப்போ எதுல சேத்தி?”

பதில் பின்கட்டிலிருந்து வந்தது. ஆஸ்பெஸ்டாஸ் போட்ட பின்னறையில் வாடகைக்கு இருந்த அருள்பாண்டி, திசையன்விளைப் பையன், புருஷோத்தமனுக்குப் பக்கத்து பிரஸ்ஸில் நிற்பவன். இரண்டாம் ஷிப்டுக்குச் சட்டையை மாட்டிக்கொண்டே வாசலுக்கு வந்தான்.

“அண்ணாச்சி, நான் சொல்லக் கூடாது. ஆனா நீங்க ரொம்ப மலிவா விட்டுட்டிய. அந்த பிரஸ்ல ரெண்டு பட்டன் உண்டும். ரெண்டு கையாலயும் அமுக்குனாத்தான் எறங்கணும், அப்பதான் கை உள்ள இருக்காது. டார்கெட் ஓடலைன்னு சூப்பர்வைசரே ஒரு பட்டனை டேப் ஒட்டி அமுக்கி வச்சுட்டாரு. ஒத்தக் கையால அமுக்கு, மத்தக் கையால தகட்ட எடுன்னு. இவன் எடுத்தான், அது எறங்கிட்டு. நான் பாத்துட்டே நின்னேன்.”

“இத்த நீ யார்கிட்டயாவது சொன்னியா?” என்றார் தணிகாசலம்.

“யாரு கேட்டா?” அருள்பாண்டி டிபன் டப்பாவைப் பையில் வைத்தான். “குன்றத்தூர்ல எங்க ஊருப் பக்கத்து அக்கா ஒருத்தி இருக்கா. சந்திரலேகான்னு பேரு, வக்கீலு. கை கால் போனவங்களுக்குன்னு ஒரு சங்கம் வச்சு கேசு நடத்துதா. காசு வாங்க மாட்டா.”

“காசு வாங்காதவங்கிட்டதான் எனக்கு பயமே. வெலை தெரியாத சாமானை எப்படிப்பா வாங்கறது?”

“வாங்க வேண்டாம், சும்மா விசாரிங்க” என்றான் அருள்பாண்டி. கம்பெனி பஸ் ஹாரன் கேட்டு ஓடினான்.

விசாரிப்பதற்குக் காசு கிடையாது என்பதால் மறுநாள் தகப்பனும் மகனும் குன்றத்தூர் போனார்கள். மலையடிவாரத்தில், பூஜை சாமான் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே தரைத்தளத்தில் ஆபீஸ். படிக்குப் பதிலாகச் சிமெண்டுச் சரிவு. வாசலில் பின்னால் இரண்டு சக்கரம் கூடுதலாக வைத்த ஸ்கூட்டர். உள்ளே சந்திரலேகா, முப்பத்தைந்து வயது இருக்கும், இடது காலில் போட்டிருந்த இரும்புச் சட்டத்தைக் கழற்றி மேஜைக்கு அடியில் வைத்துவிட்டு இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

“உக்காருங்க அண்ணாச்சி. மழை பெஞ்சா இந்த இரும்பு சில்லுன்னு கடிக்கும், அதான் கழட்டிப் போட்டிருக்கேன். சாப்பிட்டாச்சா?”

தணிகாசலம் சுற்றிலும் பார்த்தார். “உங்களுக்குச் சம்பளம் ஆரு குடுக்கறா மேடம்?”

“வெளியூர்ல கொஞ்சம் பேர் பணம் அனுப்புதாங்க. மாசக் கடைசில மட்டும் மறந்துருதாங்க.”

அந்தப் பதில் அவருக்குப் பிடித்திருந்தது. நடந்ததைச் சொன்னார். டேப் ஒட்டிய பட்டனைப் புருஷோத்தமன் சொன்னான். அவள் இட்லித் தட்டை ஓரம் தள்ளிக் கால்குலேட்டரை எடுத்தாள்.

“ஈ.எஸ்.ஐ. உங்க ஊர்ப் பக்கம் இன்னும் வரலை. அதனால பழைய நஷ்டஈட்டுச் சட்டந்தான். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம். அதுல ஒவ்வொரு விரலுக்கும் விலை போட்டே வச்சிருக்கு.”

தணிகாசலம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். “வெரலுக்கு வெலையா? கட்டை வெரலுக்கு எத்தினி?”

“கட்டைவிரல் ஒண்ணே முப்பது சதவீதம். சுண்டு விரல்னா ஏழுதான்.”

“பரவால்லியே. பல் பாத்து வெலை போடறாப்பல போட்டிருக்கான்.”

“தம்பிக்கு மூணு விரல் சேத்து முப்பது. சம்பளம் ரெண்டாயிரத்து நானூறு. அதுல அறுபது பங்கு, இந்த வயசுக்குன்னு ஒரு எண் இருக்கு, அதால பெருக்கி, முப்பது சதவீதம் எடுத்தா...” திரையை அவர் பக்கம் திருப்பினாள். “தொண்ணூத்தஞ்சாயிரத்து அறுநூத்தி முப்பத்திரண்டு.”

தொண்ணூற்றைந்தாயிரத்தை அவர் நம்பவில்லை. அந்த முப்பத்திரண்டு ரூபாயைத்தான் நம்பினார். ஏமாற்றுகிறவன் எப்போதும் முழு எண்ணாகச் சொல்லுவான்.

“நான் நாப்பத்தஞ்சுக்கு முடிச்சுட்டேன் மேடம். அச்சாரம் வாங்கிட்டேன்.”

“அது செல்லாது அண்ணாச்சி. பணத்த லேபர் ஆபீசுல ஆணையர்ட்டதான் கட்டணும். இனிமே கேக்க மாட்டேன்னு எழுதி வாங்குனாலும் சட்டம் ஒத்துக்காது. ஒரு மாசத்துல கட்டலைன்னா மேல பாதி வரைக்கும் அபராதம் போடலாம்.”

“சட்டத்துக்குச் செல்லாதும்மா. சந்தைக்குச் செல்லும். அச்சாரம் வாங்கிட்டுப் பேச்சு மாறினான் தணிகாசலம்னு ஒருத்தன் சொன்னா, அப்புறம் என் துண்டுக்குள்ள எவன் கைய வுடுவான்?”

“உங்க சந்தையில பேச்சு மாறவே வழி கிடையாதா?”

“கீது. வாங்கின அச்சாரத்த ரெட்டையாத் திருப்பிக் குடுக்கணும். நாலு பேர் பாக்க.”

“அப்ப குடுங்க.”

ஆயிரத்து இரண்டு ரூபாயை அவ்வளவு சுலபமாகச் சொல்லும் பெண்பிள்ளையை அவர் முறைத்தார்.

புருஷோத்தமன் குறுக்கிட்டுக் கேட்டான். “மேடம், வேலை கெடைக்குமா?”

சந்திரலேகா கால்குலேட்டரை ஓரமாக வைத்தாள். “கவர்மெண்ட் வேலையில இருக்கும்போது கை போச்சுன்னா, தொண்ணூத்தஞ்சாம் வருஷம் வந்த சட்டம் இருக்கு, வேலைய விட்டு எடுக்க முடியாது. தனியார் கம்பெனிக்கு அது செல்லாது. அத நாம பேசித்தான் வாங்கணும்.”

“பேசின்னா?” என்றார் தணிகாசலம்.

“பேரந்தான் அண்ணாச்சி. ஆனா ஒண்ணு. நஷ்டஈட்டுக்கு ஒரு மேஜை, அங்க எவ்வளவு போச்சுன்னு காட்டணும். வேலைக்கு இன்னொரு மேஜை. அங்க எவ்வளவு மிச்சம் இருக்குன்னு காட்டணும். ரெண்டு மேஜையிலயும் ஒரே கை.”

அவளை அப்போதுதான் ஒரு தொழில்காரியாகப் பார்த்தார் தணிகாசலம்.

“மேடம், ஆயுசு பூரா மாட்டோட குறைய மறைச்சு வித்தவன் நான். இப்போ குறைய முன்னால காட்டி விக்கச் சொல்றீங்க.”

“மறைக்கவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம். உள்ளத உள்ளபடி காட்டினாப் போதும்.”

அது எந்தச் சந்தையில் நடக்கும் என்று அவருக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை பெருமாள்சாமி ஸ்டாம்ப் பேப்பரோடு வந்தபோது டீக்கடையில் ஷிப்ட் முடிந்த கூட்டம். தணிகாசலம் ஆயிரத்து இரண்டு ரூபாயைப் பெஞ்சின் மேல் வைத்தார். நோட்டுகளில் பால் வாசனை அடித்தது; பாப்பம்மாளின் பால் காசு. மடியிலிருந்து எடுத்துக் கொடுக்கும்போது அவள், “முதல் முதலா ஒயுங்கா ஒரு செலவு பண்றே” என்று மட்டும் சொல்லியிருந்தாள்.

“பேச்சு மாறிட்டேன் சாமி. ரெட்டையாத் திருப்பறேன். எடுத்துக்கோ.”

“என்னண்ணே இது, வெளையாட்டா?”

“வெளையாட்டுக்கு ஐநூறு ரூவா தண்டம் கட்டுவனா? பாண்டுரங்கா, பாத்துக்கோ, குடுத்துட்டேன்.”

பெருமாள்சாமி பணத்தை எண்ணிப் பார்த்தே எடுத்துக்கொண்டார். “வக்கீலம்மா பேச்சக் கேட்டு நடக்கிய. கோர்ட்டு கேசுன்னா சாட்சி வேணும். எங்க லைன்லருந்து எவன் வந்து சொல்லுதான்னு பாப்போம்.”

கூட்டத்தில் டீ கிளாசோடு நின்ற அருள்பாண்டி, ‘நான்’ என்றும் சொல்லவில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. டீயைக் குடித்து முடித்தான்.

அடுத்தது மார்கழியில் செங்கல்பட்டு. பெரியாஸ்பத்திரியில் ஊனச் சான்றிதழ் தரும் டாக்டர்கள் உட்காரும் நாள். நாற்பது சதவீதம் என்று எழுதினால் அட்டை கிடைக்கும், பஸ்ஸில் சலுகை. தணிகாசலம் பஸ்ஸில் போகும்போதே மகனைத் தயார் செய்தார்.

“உஷாரா இரு. கைய நீட்டுன்னா பாதி நீட்டு. புடின்னா புடிக்காத. வலிக்குதுன்னு சொல்லு.”

“வலிக்கலியே.”

“மாடு கூட சந்தைக்கு வந்தா நான் சொன்னாப்பல நிக்கும்டா.”

வரிசை நீளம். முன்னால் நின்றவர்களில் பாதிப் பேர் ஏதாவது ஒரு கம்பெனிச் சட்டை போட்டிருந்தார்கள். உள்ளே போனதும் டாக்டர் மேஜை மேல் ஒரு ரூபாய்க் காசை வைத்து, “எடுப்பா” என்றார். புருஷோத்தமன் தகப்பன் முகத்தைப் பார்த்தான். பிறகு காசைப் பார்த்தான். கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் கிடுக்கி போலச் சேர்த்து, மேஜை விளிம்புவரை காசை இழுத்து வந்து, டக்கென்று எடுத்து டாக்டர் கையிலேயே கொடுத்தான். கட்டுப் பிரித்த நாளிலிருந்து மாட்டுக் கொட்டகையில் யாருக்கும் தெரியாமல் பழகியிருக்கிறான். டாக்டருக்கே சந்தோஷம். ‘கட்டைவிரல், சுண்டுவிரல் கொண்டு நுண்பொருள்களை நன்கு பற்ற முடிகிறது’ என்பதற்கு இங்கிலீஷில் என்ன உண்டோ அதை எழுதி, முப்பது என்று போட்டார்.

வெளியே வந்ததும் தணிகாசலம் வெடித்தார். “ஒரு ரூவாயப் பொறுக்கி பஸ் சலுகையத் தொலைச்சியேடா! அட்டைக்கு நாப்பது வோணும். அந்த மிஷினு பத்து பர்சண்ட் கம்மியா வெட்டிட்டுதுன்னு இப்போ யார்கிட்ட போய்ச் சொல்றது?”

“யப்பா, நீ என்னை நொண்டி மாடாக் காட்டி வித்துட்டின்னா, அப்புறம் வண்டியில எவன் பூட்டுவான்?”

கேள்வியில் தொழில் நியாயம் இருந்தது. இருவரும் எலுமிச்சம் சாதம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, முழு டிக்கெட் எடுத்து வீடு திரும்பினார்கள்.

கேஸ் போட்டது தையில். அருள்பாண்டி ஒரு நாள் லீவு சொல்லிவிட்டுப் பட்டணத்துக்குப் போய் ஆணையர் முன்னால் டேப் ஒட்டிய பட்டனைப் பற்றிச் சொன்னான். எந்த சூப்பர்வைசர், எந்த பிரஸ் எல்லாம் சொன்னான். கம்பெனி வக்கீல், “நீயும் அவனும் ஒரே வீட்டில்தானே சாப்பிடுகிறீர்கள்?” என்று கேட்டார். “ஆமாங்க ஐயா. ஆனா அவங்க குழம்புல புளி ஜாஸ்தி, நான் தனியாத்தான் பொங்குவேன்” என்றான். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. சாட்சி அசையாததைப் பார்த்துக் கம்பெனி இறங்கி வந்தது.

சித்திரை வெயிலில், லேபர் ஆபீஸ் வராந்தாவில் மேஜை போட்டுப் பேச்சு. கம்பெனி மேனேஜர், பெருமாள்சாமி ஒரு பக்கம். சந்திரலேகா, தணிகாசலம், புருஷோத்தமன் மறுபக்கம். துண்டுக்கு வேலையில்லை, எல்லாம் வெட்டவெளிச்சம். தணிகாசலத்துக்குச் சட்டையில்லாமல் நிற்பது போலிருந்தது.

“தொண்ணூத்தஞ்சையும் கட்டிடறோம்” என்றார் மேனேஜர். “அபராதம்னு ஆரம்பிச்சா நாங்க மேல போவோம். வருஷக் கணக்காகும்.”

“போங்க சார்” என்றாள் சந்திரலேகா. “நாங்க எங்கயும் போகலை, இங்கதான் இருப்போம். ஒட்டுன டேப்பு கதை ஃபேக்டரி இன்ஸ்பெக்டருக்கும் போகும். உங்கட்ட தகடு வாங்குற கார் கம்பெனி ஆடிட்டுக்கு வரும்போது அவங்க காதுக்கும் போகும். இல்ல, அபராதத்த நாங்க கேக்காம விடணும்னா, தம்பிக்கு வேலை எழுத்துல வேணும். கான்ட்ராக்ட்ல இல்ல. கம்பெனி ரோல்ல.”

“பிடிமானம் இல்லாத கைக்கு என்னம்மா வேலை குடுக்கறது?”

சந்திரலேகா செங்கல்பட்டு டாக்டர் எழுதிய வரியை வாசித்தாள். புருஷோத்தமனைப் பார்த்தாள். அவன் மேனேஜரின் சட்டைப் பையிலிருந்த பேனாவைக் கேட்டு வாங்கி, மூடியைக் கழற்றி, மறுபடி மாட்டித் திருப்பிக் கொடுத்தான்.

“சார், கேஜ் செக்கிங்ல தகட்ட எடுத்து அளவு பாத்து வெக்கணும், அவ்ளோதான். அந்த வேலை எனக்குத் தெரியும். ரெண்டு வெரல் போதும்.”

மேனேஜர் எழுந்து போய் யாருக்கோ போன் செய்துவிட்டு வந்தார். “ஒண்ணு சொல்லுங்க. அபராதமா, வேலையா?”

பாதி அபராதம் என்றால் நாற்பத்தேழாயிரத்துச் சொச்சம். தணிகாசலத்தின் உள்ளங்கை அரித்தது. இரண்டு நல்ல கறவை, மூன்றுகூட வாங்கலாம். மகனைப் பார்த்தார். அவன் அவரைப் பார்க்காமல் மேனேஜரின் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“வேலை” என்றார். அவர் வாழ்நாளிலேயே மிகச் சிறிய பேச்சு.

மேனேஜர் தலையாட்டினார். அந்த நேரத்தில் சந்திரலேகா தணிகாசலத்தின் பக்கம் சாய்ந்து தணிந்த குரலில் சொன்னாள். “அண்ணாச்சி, சாட்சி சொன்ன பையனை வேலைய விட்டு எடுக்கக் கூடாதுன்னு அதையும் ஒரு வரி எழுதி வாங்கிருவோம்.”

விலை படிந்த நேரத்தில் புதுச் சரக்கை இறக்கினால் பேச்சு கலைந்துபோகும் என்பது முப்பது வருஷப் பாடம். தணிகாசலம் மேஜைக்கு அடியில் கையை ஆட்டி அவளைத் தடுத்தார். “மேடம், கலைச்சுடாதீங்க. அத்த அப்பறமா நான் பாத்துக்கறேன். மொதல்ல கையெழுத்து.”

அவள் ஒரு கணம் அவரைப் பார்த்தாள். கேஸ் அவருடையது. பேப்பரை நகர்த்தினாள். பெருமாள்சாமி கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

கீழே இறங்கியதும் சந்திரலேகாவுக்குக் கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்தார் தணிகாசலம். “மேடம், நீங்க மட்டும் சந்தைக்கு வந்திருந்தா நான் எப்பவோ பட்டினி” என்றார். அவள் சிரித்தாள். “அந்தப் பையன் விஷயத்த இன்னைக்கே பேசிருங்க அண்ணாச்சி” என்றாள். “இன்னிக்கே” என்றார் அவரும். பஸ்ஸில் தூக்கம் வந்தது.

விளக்கு வைக்கும் நேரம் வீட்டுக்கு வந்தபோது பின்னறை வாசலில் அருள்பாண்டியின் தகரப் பெட்டி திறந்து கிடந்தது. அவன் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தான். பாப்பம்மாள் பக்கத்தில் நின்றுகொண்டு ஒன்றும் பேசாமலிருந்தாள். அவள் பேசாமலிருப்பது நல்லதற்கல்ல.

“இன்னாப்பா, ஊருக்கா?”

“ஆமா அண்ணாச்சி. ரெண்டாம் ஷிப்டுக்குப் போனேன். கேட்டுல லிஸ்ட்ல பேரு இல்லன்னுட்டான். கான்ட்ராக்ட் முடிஞ்சிருச்சாம். பெருமாள்சாமி மதியமே போன் பண்ணிச் சொல்லிட்டாராம்.” சட்டையைப் பெட்டியில் வைத்தான். “புருசுக்கு வேலை கெடச்சிருச்சாமே, சந்தோசம். ரோல்லயேவா? என்னல, ட்ரீட்டு கிடையாதா?”

புருஷோத்தமன் தகப்பன் முகத்தைப் பார்த்தான்.

மதியமே. கரும்புச்சாறு குடித்துக்கொண்டிருந்த நேரம். தணிகாசலம் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். டீ ஆற்றிக்கொண்டிருந்த பாண்டுரங்கனுக்குப் பத்து ரூபாய் எடுத்துக் கொடுத்த பை அது. முப்பது வருஷமாகத் தவறாத வழக்கம், மகனுக்கு வேலை பேசி முடித்தபோது தவறிவிட்டது. அதுவும் மறந்து தவறவில்லை. ஒருத்தி ஞாபகப்படுத்தியும் கையை ஆட்டித் தடுத்ததில் தவறிவிட்டது.

“பெட்டிய மூடாத” என்றார். “வாடகையும் நீ தர வோணாம்.”

“அது எப்படி அண்ணாச்சி?”

“பாப்பம்மா, இவனுக்கும் சேத்து ஒல வை.”

“புளி கம்மியாப் போடறேன்” என்றாள் பாப்பம்மாள். அவரைப் பார்க்காமலே அடுப்படிக்குப் போனாள்.

காலையில் முதல் பஸ். தணிகாசலமும் அருள்பாண்டியும் குன்றத்தூருக்கு டிக்கெட் எடுத்து உட்கார்ந்தார்கள். மஞ்ச கேட்டைத் தாண்டும்போது, புதுச் சட்டை போட்ட புருஷோத்தமன் செக்யூரிட்டியிடம் வேலை உத்தரவைக் காட்டிக்கொண்டிருந்தது தெரிந்தது, இரண்டு விரலால் பிடித்து. அருள்பாண்டி ஜன்னல் வழியாகக் கையை ஆட்டினான். புருஷோத்தமன் பார்க்கவில்லை.

“என்ன அண்ணாச்சி, கணக்கா?” என்று கேட்டான் அருள்பாண்டி. தணிகாசலம் மடியில் வலது கையை விரித்து வைத்திருந்தார். துண்டு தோளிலேயே கிடந்தது.

ஆணையரிடம் கட்டிய வரவு தொண்ணூற்றைந்தாயிரத்து அறுநூற்று முப்பத்திரண்டு. கட்டைவிரலை மடக்கினார். இரட்டை அச்சாரம், அதில் கைவிட்டுப் போனது ஐநூற்றொன்று. ஆள்காட்டி விரல் மடங்கியது. விட்டுக்கொடுத்த அபராதம், நாற்பத்தேழாயிரத்துச் சொச்சம். நடுவிரல். அதற்கு ஈடாக மகனுக்கு வேலை, ரோலில், எழுத்தில். மோதிர விரல்.

அருள்பாண்டிக்கு ஒரு வேலை, பாக்கி. சுண்டுவிரல் மடங்காமல் நின்றது. குன்றத்தூர் வரும்வரை அவர் அதை மடக்கவில்லை.